முருகன் எங்கே, மிஸ்? பல சமயப் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் வகுப்பில் சமயபாடம் நடத்துவது எப்படி

எட்டாம் ஆண்டு வகுப்பு. இந்து சமயம் பற்றிய முதல் பாடம். பாடநூலில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரின் படத்தையும் போட்டு, "இந்துக்கள் வணங்கும் கடவுள்கள்" என்று மேலே எழுதியிருந்தது. முன்வரிசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "மிஸ், முருகன் எங்கே?" அவளுடைய வீட்டுச் சாமியறையில் பிரம்மாவின் படமே கிடையாது. வெள்ளிக்கிழமை என்றால் முருகன், வருஷத்துக்கு ஒருமுறை தேர், அப்பா எடுக்கும் காவடி. பக்கத்து மேசையில் இருந்த குஜராத்திப் பையன், "எங்கள் சுவாமிநாராயணும் இல்லை" என்றான்.

நான் யாழ்ப்பாணத்தில் முருகன் கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள். அந்தப் பக்கத்தை மூன்று வருஷமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு என் பாடக்குறிப்புகளை எடுத்து வைத்து, "இந்துக்கள் நம்புகிறார்கள்", "முஸ்லிம்கள் செய்கிறார்கள்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அந்த வாக்கியங்களைத் திருத்தப் போய், பாடத்தையே திருத்தவேண்டி வந்தது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். லண்டனில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அனுபவம் இது. இங்கே பல பாடசாலைகளில் சமயபாடம் அதற்கென்று பயிற்சி பெறாத ஆசிரியரின் தலையில்தான் வந்து விழும். புவியியலும் கணிதமும் படிப்பிக்க வந்த இடத்தில் சமயபாடமும் கையில் கிடைத்துத் தவிக்கிற தமிழ் ஆசிரியர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதத் தொடங்கினேன்.

முதலில் சட்டத்தைப் படியுங்கள்

ஊரில் படித்த சமயபாடத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வகுப்புக்குள் போனால் தடுமாறுவீர்கள். இலங்கையில் அவரவர் சமயத்தை அவரவர் படிப்பார்கள். சாதாரண தரம் வரை கட்டாயம். சமயபாட மணி அடித்ததும் எங்கள் வகுப்பில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். நாங்கள் தேவாரத்தோடு தொடங்குவோம். பதினொரு வருஷம் ஒன்றாகப் படித்தும், அந்த அறையில் அவர்கள் என்ன படித்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

இங்கிலாந்தில், சமய அமைப்புகள் நடத்தும் பாடசாலைகளை விட்டுவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து பல சமயங்களைப் பற்றிப் படிக்கிறார்கள். இது ஒரே நாளில் வந்ததல்ல. 1870ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலைகளில் எந்த ஒரு திருச்சபைக்கும் உரிய ஞானோபதேசத்தைக் கற்பிக்கக்கூடாது என்றது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் பாடத்தைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு பாடத்திட்டத்தை ஒத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அப்போது 'சமயம்' என்றால் கிறிஸ்தவம்தான். 1975இல் பர்மிங்ஹாம் நகரம் பல சமயங்களையும், கூடவே கம்யூனிசத்தைப் போன்ற சமயம் சாராத வாழ்க்கைப் பார்வைகளையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் வெளியிட்டபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம்தான், நாட்டின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறிஸ்தவம் சார்ந்தவை என்பதைக் காட்டவேண்டும், அதோடு இங்குள்ள மற்ற முக்கிய சமயங்களின் போதனைகளையும் நடைமுறைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று எழுதி வைத்தது.

உங்களுக்கு நடைமுறையில் வேண்டியது இவ்வளவு. சமயபாடம் கட்டாயம், ஆனால் 1988இல் வந்த தேசியப் பாடத்திட்டத்துக்குள் அதைச் சேர்க்கவில்லை. பாடத்திட்டம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். உள்ளூராட்சியில் இதற்கென்று ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது. ஆசிரியர்கள் அதைச் 'சாக்ரே' என்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபை, மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளும் ஏனைய சமயங்களும், ஆசிரியர் சங்கங்கள், உள்ளூராட்சி என்று நான்கு தரப்பு அதில் உட்கார்ந்திருக்கும். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் திறந்தவை. ஒருதடவை போய்ப் பின்வரிசையில் இருந்து கேளுங்கள். எந்த வரிக்காக யார் எவ்வளவு நேரம் வாதாடினார்கள் என்று பார்த்த பிறகு, பாடத்திட்டத்தை வேறு கண்ணோடு வாசிப்பீர்கள். உங்கள் பாடசாலை அக்கடமியாக, அதாவது உள்ளூராட்சியின் கீழ் வராமல் நேரே அரசாங்கப் பணத்தில் நடப்பதாக, இருந்தால் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சையான ஜி.சி.எஸ்.ஈ. வகுப்பென்றால், 2016இலிருந்து பிள்ளைகள் இரண்டு சமயங்களைப் படிக்கவேண்டும்.

இன்னொன்று: பெற்றோர் காரணம் சொல்லாமலே பிள்ளையை இந்தப் பாடத்திலிருந்து விலக்கலாம், முழுதாகவோ பகுதியாகவோ. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

2021 குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர் என்று பதிந்தவர்கள் 46.2 வீதம். சமயம் இல்லை என்றவர்கள் 37.2 வீதம். முஸ்லிம்கள் 6.5, இந்துக்கள் 1.7, சீக்கியர் 0.9, பௌத்தரும் யூதரும் தலா 0.5. இந்தக் கணக்கை வைத்து உங்கள் வகுப்பைக் கற்பனை செய்யாதீர்கள். லண்டனிலேயே டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் பத்தில் நாலு பேர் முஸ்லிம்கள். ஹரோவில் நாலில் ஒருவர் இந்து. உங்கள் வட்டாரத்தின் கணக்கைத் தேடி எடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆனால் கணக்கு அறைக்குள் இருக்கும் பிள்ளையைச் சொல்லாது. அதற்காக "யார் யார் என்ன சமயம்? கையைத் தூக்குங்கள்" என்று மட்டும் கேட்கவேண்டாம். வீட்டில் ஒரு சமயம், மனதில் வேறொன்று என்று இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சங்கடம். நான் முதல் பாடத்தில் ஆளுக்கொரு சின்னத் துண்டுக் காகிதம் கொடுப்பேன். பெயர் எழுதத் தேவையில்லை. இரண்டு கேள்வி: உன் வீட்டைப் பற்றி இந்த வகுப்பு எதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்? உன்னிடம் எதை யாரும் கேட்கக்கூடாது?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் உங்கள் வருஷத்தையே மாற்றும். "பயங்கரவாதம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்." "ஏன் தலையை மூடவில்லை என்று கேட்காதீர்கள்." "மாட்டைக் கும்பிடுவாயா என்று கேட்காதீர்கள்." "அம்மா ஒன்று, அப்பா ஒன்று, எது சரி என்று கேட்காதீர்கள்." அந்தக் காகிதங்களை வருஷம் முழுக்க மேசை இழுப்பறையில் வைத்திருப்பேன். ஒவ்வொரு அலகும் தொடங்குமுன் ஒருதடவை எடுத்து வாசிப்பேன்.

'எல்லோரும்' என்ற சொல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரம் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு சமயத்தைப் பற்றிப் பேசும்போது 'எல்லோரும்' என்று வரும் இடத்தில் 'பலர்', 'சிலர்', 'இந்தப் பிரிவினர்', 'எங்கள் வீட்டில்' என்ற நாலில் ஒன்றைப் போடப் பழக்குங்கள். "முஸ்லிம் பெண்கள் தலையை மூடுவார்கள்" என்று ஒருவன் சொன்னால், "எந்தச் சொல்லைச் சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். திட்டவேண்டாம், அறிவுரையும் வேண்டாம். "முஸ்லிம் பெண்கள் பலர்" என்று அவனே திருத்துவான். மூன்றாவது கிழமையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திருத்தத் தொடங்குவார்கள். ஆறாவது கிழமையில் உங்களைத் திருத்துவார்கள். அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது மரியாதைக்கான வார்த்தை விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். உண்மை அப்படித்தான் இருக்கிறது. சுன்னிகள் பலரும் ஷியாக்கள் பலரும் தொழும்போது கை வைக்கும் விதமே வேறாக இருக்கும். கத்தோலிக்கர் மாதா சொரூபத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவார்கள். பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளிப்பாள். இருவருமே கிறிஸ்தவர்கள்தான். 'எல்லோரும்' என்று எழுதினால் அந்த வாக்கியமே பிழை.

இதனோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: எந்தப் பிள்ளையையும் தன் சமயத்தின் பேச்சாளர் ஆக்காதீர்கள். "நீ சீக்கியன்தானே, சொல்லு" என்று திரும்பாதீர்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் அன்றைக்குச் சொல்ல விருப்பமில்லாமல் இருக்கலாம். செய்தியில் ஏதாவது தாக்குதல் வந்த மறுநாள் இது இன்னும் முக்கியம். அன்றைக்கு முழு வகுப்பின் கண்ணும் ஒரு மூலைக்குப் போகும். உங்கள் கண்ணும் அங்கே போனால் அந்தப் பிள்ளை மறக்காது.

"மிஸ், நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். ஆசிரியர்கள் இதில் இரண்டு பக்கம். ஒன்றும் சொல்லக்கூடாது என்பவர்களின் காரணம் எனக்கு விளங்கும். ஆனால் பிள்ளைகளிடம் "எங்கள் வீட்டில்" என்று பேசச் சொல்லிவிட்டு நான் மட்டும் வாயை மூடியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள், இன்றைக்கும் கோயிலுக்குப் போவேன், எங்கள் ஊரில் எல்லோரும் என்னைப் போல இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவேன். அரை நிமிடம்.

ஒரு கட்டடம், ஐந்து பாடம்

பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஆறு சமயங்களை ஆறு பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும்: கடவுள், நூல், தலம், பண்டிகை, அடுத்த சமயம். அந்த அடுக்கில் படிக்கும் பிள்ளை, உலகத்திலும் சமயங்கள் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கின்றன என்று நினைத்துவிடும். நான் ஒரு பொருளையோ இடத்தையோ நடுவில் வைத்து அலகைக் கட்டுவேன். எனக்கு மிகப் பிடித்த அலகு கிழக்கு லண்டன் பிரிக் லேனில் உள்ள பெரிய பள்ளிவாசல். முழுதாகச் சொல்கிறேன், அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்தக் கட்டடம் 1743இல் ஹியூகனோக்களின் தேவாலயமாகக் கட்டப்பட்டது. ஹியூகனோக்கள் பிரான்சிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்துகள். 1685இல் பிரெஞ்சு அரசர் அவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்ததும் ஆயிரக்கணக்கில் கடல் கடந்தார்கள். 1809இல் யூதர்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்ற முயன்ற ஒரு சங்கத்தின் கைக்கு அது போனது. 1819இல் மெதடிஸ்த தேவாலயம். 1898இல் ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பி வந்த யூதர்கள் அதைத் தங்கள் ஜெபாலயம் ஆக்கினார்கள். 1976இலிருந்து பள்ளிவாசல், அங்கே தொழுபவர்களில் பெரும்பாலானோர் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரே சுவர், ஒரே கூரை.

முதல் பாடத்தில் வெளிப்புறப் படத்தை மட்டும் காட்டுங்கள், பெயர் சொல்லாமல். செங்கல் சுவர், வளைந்த ஜன்னல்கள். "இது என்ன?" பாடசாலை, தொழிற்சாலை, நீதிமன்றம் என்று வரும். யாராவது தேவாலயம் என்பார்கள், சண்டை பிடிக்க விடுங்கள். அப்புறம் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் எஃகுத் தூணையும் பிறையையும் சேர்த்துக் காட்டுங்கள். மணி அடிக்கும்வரை கேள்விகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடத்தில் நாலு குழு: ஹியூகனோ, மெதடிஸ்த, யூத, முஸ்லிம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே கேள்விகள். இந்த மக்கள் எங்கிருந்து, எதற்காக வந்தார்கள்? உள்ளே எந்தத் திசையைப் பார்த்து வழிபட்டார்கள்? கட்டடத்துக்குள் எதை மாற்றவேண்டி இருந்தது? மூன்றாவது கேள்வியில்தான் சமயம் உடம்போடு வெளியே வரும். தேவாலயத்துக்கு நீளமான இருக்கைகள் வேண்டும், போதகர் நிற்க ஓர் உயர்ந்த மேடை வேண்டும். ஜெபாலயத்துக்குத் தோராச் சுருள்கள் வைக்கும் பேழை வேண்டும். பள்ளிவாசலுக்குக் கால் கழுவத் தண்ணீர் வேண்டும், வெறும் தரை வேண்டும், மக்காவின் திசை வேண்டும். "ஏன் வெறும் தரை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், தொழுகையைப் பற்றி நீங்கள் அரைமணி நேரம் பேசுவதைவிட அது ஆழமாகப் போகும்.

மூன்றாம் பாடம் நேரில் போவது. முடியாவிட்டால் படங்களே போதும். சுவரில் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது, 1743 என்ற ஆண்டு பொறித்து. அதற்கு மேல் இரண்டே இரண்டு லத்தீன் சொற்கள்: 'உம்ப்ரா சுமுஸ்'. நாம் நிழல் என்று அர்த்தம். ஹியூகனோக்கள் எழுதியதை அதற்குப் பிறகு வந்த யாரும் அழிக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒருதடவை ஒரு பையன், "எல்லோருக்கும் அது பொருந்தும், அதனால்தான்" என்றான். உடனே பின்னால் இருந்த பிள்ளை, "எல்லோருக்கும் இல்லை, பலருக்கு" என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

நாலாம் பாடம் வாதம்: ஒரு வழிபாட்டிடம் கை மாறும்போது பழையவர்களின் எந்த அடையாளத்தை வைத்திருக்க வேண்டும், எதை எடுக்கலாம்? ஐந்தாம் பாடம் எழுத்து.

வேறுபாட்டை மறைக்காதீர்கள்

"எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கிறது" என்று பாடத்தை முடிப்பது நம்மவர்களுக்கு மிக இலகுவாக வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் அது பல பிள்ளைகளின் நம்பிக்கைக்கு நியாயம் செய்யாது. கிறிஸ்தவர்களுக்கு இயேசு சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தவர். அது இல்லையென்றால் அவர்களின் விசுவாசமே இல்லை. முஸ்லிம்களுக்கு ஈஸா பெரிய நபி. அவரைப் பெற்ற மர்யமின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே, 19ஆவது, இருக்கிறது. ஆனால் நாலாம் அத்தியாயத்தின் 157ஆம் வசனம், அவர்கள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். பிரிகிற இடத்தில் நில்லுங்கள். இருவரும் சரியாக இருக்க முடியாது என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஆம், பலர் அப்படித்தான் சொல்வார்கள்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அழிறப்பரைப் பகிர்ந்துகொள்வதை அவர்கள் நாள்தோறும் செய்கிறார்கள்.

பொருள்கள், பயணங்கள்

குர்ஆனைச் சுத்தமான கையால் எடுங்கள், தரையில் வைக்காதீர்கள், அதன் மேல் பயிற்சிக் கொப்பிகளை அடுக்காதீர்கள். சீக்கியர்களுக்கு அவர்களுடைய நூலான குரு கிரந்த சாஹிப் உயிருள்ள குரு. அதைக் காட்சிப் பொருளாக வகுப்புக்குக் கொண்டுவர நினைக்கவேண்டாம், அவர்களுடைய வழிபாட்டிடமான குருத்துவாராவுக்குப் போய்ப் பாருங்கள். நபியின் உருவப்படம் வேண்டாம். அது இல்லாமலே எல்லாவற்றையும் படிப்பிக்கலாம்.

வகுப்பில் வழிபாட்டை நடிக்க வைக்காதீர்கள். இதை நான் பிழைவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் தீபாவளிக்கு ஒரு விளக்கேற்றி, தட்டைச் சுற்றிக் காட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பையன் ஆசையாக ஓடிவந்தான். அடுத்த நாள் அவனுடைய தாய் அழுதுகொண்டு வந்தார். அவர்களுடைய சபையில் அது விக்கிரக வழிபாடு; பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லையாம், தான் பாவம் செய்துவிட்டதாக. நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது காணொளியைப் போட்டு, பார்க்க வைத்து, கேள்வி கேட்க வைப்பேன். அது போதும்.

வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது ஒரு நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். செருப்பைக் கழற்றவேண்டும், குருத்துவாராவில் ஆணும் பெண்ணும் தலையை மூடவேண்டும். பிரசாதமும் விபூதியும் கொடுப்பார்கள். வாங்க விருப்பமில்லாதவர்கள் கையைக் கூப்பி "நன்றி, வேண்டாம்" என்றால் போதும், கோயிலில் யாரும் கோபிக்கமாட்டார்கள். இந்த ஒரு வசனத்தை வகுப்பில் சொல்லிப் பழக்கிவிடுங்கள், வாசலில் எந்தப் பிள்ளையும் தடுமாறாது. நோன்பு மாதத்தில் நீண்ட நடைப் பயணம் வைக்காதீர்கள். அப்புறம் யாரும் எழுதாத ஒன்று: மாதவிலக்கு நாளில் கோயிலுக்குள் போகக்கூடாது என்று வளர்ந்த பெண்பிள்ளைகள் உங்கள் பஸ்ஸில் இருப்பார்கள். ஆண் ஆசிரியரிடம் அதைச் சொல்லவே மாட்டார்கள். "வெளியே என்னோடு இருந்து கட்டடத்தை வரைய விரும்புபவர்கள் வரலாம், காரணம் கேட்கமாட்டேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்.

சாதி

இந்து சமய அலகில் சாதி முதல் பாடமாக வந்தால், அன்றைய இடைவேளையில் "நீ என்ன சாதி?" என்று தமிழ்ப் பிள்ளையிடமும் குஜராத்திப் பிள்ளையிடமும் கேட்பார்கள். அதற்காக அதை விட்டுவிடவும் கூடாது. நாலாவது ஐந்தாவது பாடத்தில், பிள்ளைகள் அந்தச் சமயத்தின் முகத்தைக் கொஞ்சம் பார்த்த பிறகு எடுங்கள். தெற்காசியக் கிறிஸ்தவர், முஸ்லிம், சீக்கியரிடையேயும் சாதி இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சாதியை எதிர்த்தவர்களைக் காட்டுங்கள்: அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்தைத் தழுவினார். எங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் வாசலில் போராட வேண்டியிருந்தது. முருகன் கோயில்தான் அதுவும். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனாலும் சொல்வேன். அடுத்த சமயங்களின் கடினமான பக்கங்களைக் கேட்கும் உரிமை அதற்குப் பிறகுதான் எனக்கு வருகிறது.

"நான் ஒன்றும் இல்லை, மிஸ்"

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சமயம் இல்லை என்று பதிந்த நாடு இது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மற்றவர்களைப் பற்றியது என்று தோன்றினால் சலித்துவிடும். 2015இல் சமயபாடம் பற்றிப் பெற்றோர் சிலர் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஃபாக்ஸ் வழக்கில், சமயம் சாராத வாழ்க்கைப் பார்வைகளுக்கும் உரிய இடம் தராமல் அரசு நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே கடவுள் நம்பிக்கை இல்லாமல் மனிதரை மையமாக வைத்து வாழும் மனிதநேயவாதிகள் நடத்தும் திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் ஒரு பாடமாக வையுங்கள். "ஒன்றும் இல்லை" என்ற பிள்ளையிடம், தாத்தா செத்தபோது வீட்டில் என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். சாம்பலை அவருக்குப் பிடித்த கடற்கரையில் தூவினோம் என்பாள். நீங்கள் எங்கள் ஊரில் அஸ்தி கரைக்கும் கீரிமலைக் கடலைப் பற்றிச் சொல்லலாம்.

பெற்றோர்

விலக்கல் கடிதம் வந்தால் கோபப்படாதீர்கள். அது அவர்களின் உரிமை. ஆனால் வரச்சொல்லிப் பேசுங்கள், பிள்ளையின் கொப்பியைக் கையில் கொடுங்கள். நம்முடைய ஆட்களும் வருவார்கள். ஒருதடவை ஒரு தமிழ்த் தகப்பன் வந்தார். "ரீச்சர், பிள்ளைக்குத் தேவாரமே ஒழுங்காத் தெரியாது. அதுக்குள்ள ஏன் இஸ்லாம் படிப்பிக்கிறியள்?" என்று கேட்டார்.

"அண்ணை, பிள்ளை எழுதினதை ஒருக்காப் பாருங்கோ" என்று கொப்பியை நீட்டினேன். நோன்பைப் பற்றி எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி: 'எங்கள் அம்மம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிப்பா, அவவிடம் ஏன் என்று கேட்கவேண்டும்.' அவர் அதை இரண்டுதரம் வாசித்தார். "கேட்டவள்தான்" என்றார். "மாமி அதைப் பற்றியே ஒரு கிழமையாக் கதைச்சுக்கொண்டிருந்தவ." கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எல்லோரும் அப்படிப் போகமாட்டார்கள். விலக்கினால் அந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் நல்ல இடமும் செய்ய வேலையும் கொடுங்கள், தண்டனைபோல் இருக்கக்கூடாது.

விடைத்தாளைத் திருத்துவது

நம்பிக்கைக்குப் புள்ளி கிடையாது. எவ்வளவு துல்லியமாக எழுதுகிறாள், எவ்வளவு நல்ல கேள்வி கேட்கிறாள் என்பதற்குத்தான் புள்ளி. ஒரு பிள்ளை எழுதியது: "முஸ்லிம்கள் ரமழானில் நோன்பு பிடிப்பார்கள், ஏனென்றால் பிடிக்கவேண்டும்." பிழை என்று வெட்டாமல் ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினேன். எல்லா முஸ்லிம்களுமா? யார் பிடிக்காமல் இருக்கலாம்? பிடிப்பவர் என்ன சொல்கிறார்? திரும்பி வந்தது இது: "முஸ்லிம்கள் பலர் ரமழானில் விடியற்காலையிலிருந்து சூரியன் மறையும்வரை நோன்பு பிடிப்பார்கள். நோயாளிகள், பயணம் போகிறவர்கள் போன்றோர் விடலாம். என் நண்பி, பசி வரும்போது கடவுளை ஞாபகம் வருகிறது என்று சொன்னாள்." மூன்று நிமிட வேலை, மூன்று கேள்வி.

வருஷத் தொடக்கத்தில் இப்போது நான் அந்தப் பழைய பக்கத்தைத்தான் கொடுக்கிறேன். மூன்று கடவுளின் படம், மேலே அதே தலைப்பு. கூடவே கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் பற்றிய பக்கங்களும். ஒரே ஒரு கேள்வி: இதில் யார் இல்லை? போன செப்டெம்பரில் முதலில் கையைத் தூக்கியது ஒரு போலந்துப் பையன். வருஷம் முழுக்க வாய் திறக்கமாட்டான் என்று முன்பு படிப்பித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்தவப் பக்கத்தில் விரலை வைத்து, "எங்கள் செஸ்டகோவா மாதா இல்லை, மிஸ். அவ கறுப்பு. பாட்டி வீட்டில் கட்டிலுக்கு மேலே இருக்கிறா" என்றான். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன் திரும்பி, "மாதா கறுப்பா? காட்டு" என்றான்.